மலைமுகட்டுத் தாவரநூலும் பி. எஃப். ஃபைசனின் திட்டநெறியும்

குறிஞ்சித் திணைக்குரிய மலர்களை நிரல்படுத்தும் முயற்சி தமிழுக்குப் புதிதன்று. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 99 மலர்களைத் தொகுத்துரைக்கிறது. அம்மலர்நிலத்தின் ஒரு பகுதியை நவீனத் தாவரவியல் முறையில், படங்களுடன் நூலாக்கியவர் பிலிப் ஃபர்லி ஃபைசன் (1877–1947). சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றிய இவர், பின்னர் 1925 முதல் 1932 வரை அக்கல்லூரியின் முதல்வராகவும் விளங்கினார். 1919ஆம் ஆண்டில் இந்தியத் தாவரவியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியவரும் இவரே. எனினும் இவர் பெயர் நிலைபெறக் காரணம் கொடைக்கானல், உதகை, கோத்தகிரி ஆகிய மலைவாழிடங்களைச் சுற்றி எழுந்த நூலேயாகும்.

அக்காலத்தில் கொடைக்கானல் புல்வெளியில் ஒரு பூவைப் பறித்து அதன் பெயரறிய விரும்பியவருக்கு வழி எளிதாக இல்லை. ஹூக்கர் 1872 முதல் 1897 வரை வெளியிட்ட ஏழு தொகுதிகள் பிரிட்டிஷ் இந்தியா முழுமையையும் தழுவியவை, படமற்றவை. இமயம் முதல் குமரி வரையிலான செடிகளுக்கிடையே தன் கையிலுள்ள செடியைத் தேடுவது மாணவனுக்கு மலைப்பைத் தந்திருக்கும். சென்னை மாகாணம் முழுவதற்குமான நூலைக் கேம்பிள் 1915இல் வெளியிடத் தொடங்கினார். அவருக்குப்பின் ஃபிஷர் அதனை முடித்தபோது ஆண்டு 1936.

ஃபைசன் தம் பணிக்கு ஒரு கோட்டை வரைந்துகொண்டார். நீலகிரியிலும் பழனிமலையிலும் 6,500 அடிக்கு மேற்பட்ட பகுதி மட்டுமே நூலின் பரப்பு. இஃது எண்ணிக்கையைக் குறைப்பதற்காக மட்டும் கொண்ட எல்லை அன்று. அவ்வுயரத்தில் பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்வெளியுமாகத் தாவர அமைப்பே வேறுபடுகிறது. சமவெளியால் பிரிக்கப்பட்ட இருமலைகளின் முகடுகளும் தம் அடிவாரங்களைவிடத் தம்முள் ஒத்திருக்கின்றன. ஆகவே எல்லை நிலத்திலேயே இருந்தது. ஆசிரியர் அதனைக் கண்டுகொண்டார் என்பதே பொருந்தும். காட்டுச் செடிகளோடு, வெளியிலிருந்து கொணரப்பட்டுப் பரவலாகிவிட்டவற்றையும் சேர்த்தமை, நடைபாதையில் நிற்கும் வாசகரை அவர் மறக்கவில்லை என்பதைக் காட்டும்.

அடுத்த படி, இருப்பதிலிருந்து தொடங்கியமை. மாநிலக் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்னும் அவர் மனைவி எமிலியும் கொடைக்கானல் பகுதியில் முன்பே செடிகளைத் திரட்டியிருந்தனர். அத்திரட்டு நூலுக்கு அடித்தளமாயிற்று. படங்களை எமிலி போர்னும் ஃபைசனின் மனைவி டயானா ரூத்தும் வரைந்தனர். நூலின் முகப்பில் ஆசிரியராக நிற்பது ஒருவர் பெயரே. படத்தொகுதி இல்லையெனில் இந்நூல் மற்றுமொரு விவரப்பட்டியலாகவே நின்றிருக்கும். ஆதலின் அவ்விருவர் பங்கினைத் துணைப்பணியாகக் கொள்வது தகாது.

1915இல் விளக்கம் ஒரு தொகுதியாகவும் படம் மற்றொரு தொகுதியாகவும் சென்னை அரசு அச்சகத்தின் வழி வெளிவந்தன. இரண்டையும் அருகருகே விரித்து ஒப்பிட இயலும் என்பது இப்பிரிப்பின் பயன். விடுபட்டவற்றுக்கு இடந்தரும் மூன்றாம் தொகுதி 1920இல் வந்தது. எல்லாம் திரண்டபின் அச்சிடுவோம் எனக் காத்திருந்தால் மலைத்தாவரநூல் எதுவும் முடியாது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூப்பது, அதன் இனத்துப் பிற செடிகள் சிலவும் நெடுங்காலம் கழித்தே மலர்பவை. பூவின்றி அவற்றை உறுதியாக இனங்காண்பது அரிது. பின்னிணைப்புத் தொகுதி என்னும் ஏற்பாடு இந்நிலத்தின் இயல்புக்கு ஏற்ற விடையாக அமைந்தது.

1920களின் முற்பாதியில் பள்ளி ஆய்வாளர் பணி அவரை மலைகளிலிருந்து விலக்கியது. ஆயினும் 1932இல் தென்னிந்திய மலைவாழிடங்களின் தாவரங்கள் பற்றிய இருதொகுதி நூல் வெளிவந்தது. குன்னூரும் ஏர்க்காடும் இப்போது உள்ளே வந்தன. முதல் நூலின் உயரக்கோடு கீழிறங்கியது. முன்னர் முகடுகளை முடித்திருந்தமையாலேயே இவ்விரிவு இயன்றது எனலாம். அவ்வாண்டிலேயே கல்லூரிப் பொறுப்பும் நிறைவுற்றது.

அடிவாரம் முதல் முகடு வரை பழனிமலை முழுவதற்குமான தாவரநூல், கே. எம். மேத்யூவின் உழைப்பில், மூன்று பகுதிகளாக 1999இல்தான் வெளிவந்தது.