ஜியோவன்னி அல்டினி

ஜியோவன்னி அல்டினி (ஏப்ரல் 10, 1762 - ஜனவரி 17, 1834) இத்தாலிய இயற்பியலாளர் ஆவார். விலங்கு மின்சாரத்தைப் பற்றி ஆராய்ந்த லூயிஜி கால்வானியின் சகோதரி மகன் இவர். மண்டையோட்டைத் திறக்காமல், தலையின் மேற்புறத்தில் மின்னோட்டத்தைச் செலுத்தி மனச்சோர்வைப் போக்க முயன்ற முன்னோடிகளுள் ஒருவராகக் கருதப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

அல்டினி இத்தாலியின் பொலோஞா நகரில் பிறந்தார். இவருடைய சகோதரர் அந்தோனியோ அல்டினி நெப்போலியன் காலத்து அரசியலாளர்களுள் ஒருவர். பொலோஞா பல்கலைக்கழகத்தில் பயின்ற அல்டினி 1798 ஆம் ஆண்டில் அங்கேயே இயற்பியல் பேராசிரியரானார். அதே ஆண்டு டிசம்பரில் கால்வானி காலமானார்.

கால்வானியும் வோல்ட்டாவும்

தவளையின் கால்தசை துடிப்பதற்கு அதன் உடலிலேயே உள்ள மின்சாரம் காரணம் என்று 1791 இல் கால்வானி எழுதினார். இரு வேறு உலோகங்கள் தொடுவதாலேயே மின்சாரம் பிறக்கிறது என்று அலெசாண்ட்ரோ வோல்ட்டா மறுத்தார். பொது விவாதங்களை விரும்பாத கால்வானிக்காக அல்டினியே முன்னின்று வாதாடினார். கால்வானியின் நூல் 1792 இல் மொதேனா நகரில் மறுபதிப்பானபோது அதற்கு முன்னுரையும் குறிப்புகளும் எழுதியவர் இவரே.

1800 இல் வோல்ட்டா தம்முடைய மின்னடுக்கை அறிவித்தார். உலோகத் தட்டுகளையும் உப்புநீரில் நனைத்த துணி அல்லது அட்டைத் துண்டுகளையும் மாறி மாறி அடுக்கிய அமைப்பு அது. தொடர்ச்சியான மின்னோட்டம் தரும் முதற் கருவி இதுவே. மாமாவின் கொள்கையை நிலைநாட்ட, எதிர்த்தரப்பினர் கண்டறிந்த இக்கருவியையே அல்டினி பயன்படுத்தினார்.

மனச்சோர்வுக்கு மின்னோட்டம்

அல்டினி மின்னோட்டத்தை முதலில் தம் தலையிலேயே சோதித்துப் பார்த்தார். அதன்பின் சில நாட்கள் அவருக்கு உறக்கம் வரவில்லை. இருப்பினும் மூளையின்மீது மின்சாரத்துக்கு வலுவான விளைவு உண்டு என்பதை இதிலிருந்து அவர் உணர்ந்தார்.

1801 இல் பொலோஞாவின் சாந்த ஓர்சோலா மருத்துவமனையில் லூயிஜி லான்சரினி என்னும் 27 வயது உழவர், மெலன்கோலியா எனப்பட்ட கடும் மனச்சோர்வுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தார். அல்டினி அவருடைய கையை மின்னடுக்கின் ஒரு முனையோடு இணைத்தார். மறுமுனையை முதலில் முகத்திலும், பின்னர் மழித்து ஈரப்படுத்திய தலையிலும் வைத்தார். மின்னோட்டத்தின் அளவு படிப்படியாகக் கூட்டப்பட்டது. நோயாளியின் மனநிலை சிறிது சிறிதாகத் தேறியது. இறுதியில் அவர் வீடு திரும்பினார்.

எனினும், ஒரு சில நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்ட இம்முயற்சியில் ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை. குணமடைந்ததற்கு மின்னோட்டம் காரணமா, அளிக்கப்பட்ட கவனிப்பு காரணமா, காலப்போக்கில் நோய் தானே தணிந்ததா என்பதை இதிலிருந்து பிரித்தறிய இயலாது.

இறந்த உடல்களில் சோதனைகள்

1802 இல் பொலோஞாவில் தலை துண்டிக்கப்பட்ட குற்றவாளிகளின் உடல்களில் அல்டினி சோதனைகள் செய்தார். மூளையைத் தூண்டியபோது முகத் தசைகள் சுருங்கின. 1803 சனவரியில் இலண்டனில், தூக்கிலிடப்பட்ட ஜார்ஜ் பார்ஸ்டர் என்பவரின் உடலில் மின்னோட்டம் செலுத்தப்பட்டது. தாடை நடுங்கியது; ஒரு கண் திறந்தது; கை உயர்ந்தது. பார்த்தவர்களுள் சிலர் உயிர் திரும்புவதாகவே எண்ணினர். ஆனால் இறந்தவரை எழுப்புவது அல்டினியின் நோக்கமன்று. நீரில் மூழ்கியோர், மூச்சடைத்தோர் ஆகியோரைக் காப்பாற்ற மின்சாரம் உதவுமா என்று அறியவே முயன்றார். உரியவரின் இசைவின்றி அவருடைய உடலைப் பலர்முன் இவ்வாறு பயன்படுத்தியது இன்றைய மருத்துவ அறத்துக்கு ஏற்புடையதன்று.

முகத்தசை அசைவது வேறு, உணர்ச்சி எழுவது வேறு என்பதையும் இச்சோதனைகள் எண்ணிப்பார்க்கச் செய்கின்றன. உயிரற்ற முகமும் மின்சாரத்தால் சுளிக்கக்கூடும். அதில் துயரமோ மகிழ்ச்சியோ இல்லை.

அல்டினியின் ஆய்வுகளைத் தொகுத்துக் கூறும் பிரெஞ்சு நூல் 1804 இல் பாரிசில் வெளிவந்தது.

பிற்காலம்

பின்னர் அல்டினி கலங்கரை விளக்கங்களின் ஒளியமைப்பிலும், தீயணைப்போருக்கான கல்நார் உடை, கம்பிவலைக் கவசம் ஆகியவற்றிலும் கவனம் செலுத்தினார். ஆஸ்திரியப் பேரரசர் இவருக்கு இரும்பு மகுட விருதளித்துச் சிறப்பித்தார். மிலான் நகரில் காலமான இவர், பொலோஞாவின் கைவினைஞர்கள் அறிவியல் கற்பதற்கான பள்ளி அமையத் தம் செல்வத்தின் ஒரு பகுதியை விட்டுச்சென்றார்.

இன்றைய முக்கியத்துவம்

1938 இல் உரோமில் செர்லெட்டியும் பினியும் தொடங்கிய மின்னதிர்வுச் சிகிச்சை வலிப்பை உண்டாக்குவது. அல்டினியின் முறை அத்தகையதன்று. அதற்கு நெருக்கமானது, 2000 இல் நிட்செ, பவுலுஸ் ஆகியோரின் ஆய்வுக்குப் பின் பரவிய நேர்மின்னோட்டத் தூண்டல் முறை. இதில் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லியாம்பியர் மின்னோட்டம் மட்டுமே செலுத்தப்படுகிறது. இது நரம்பணுக்களை நேரடியாக இயக்குவதில்லை. அவை தூண்டப்படும் எளிமையைச் சற்றே கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. 1985 இல் செபீல்டில் அந்தோனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் காந்தப்புலத்தால் மூளையைத் தூண்டிக் காட்டினர். இதன் வழிவந்த சிகிச்சைக் கருவி ஒன்றை 2008 இல் ஐக்கிய அமெரிக்கா மனச்சோர்வுக்கு அனுமதித்தது.

நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணி, அமிக்டலா முதலிய பகுதிகளோடு சேர்ந்து அச்சம், துயரம் போன்ற உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த உதவுகிறது. எனவே இப்புறணியைத் தூண்டினால் உணர்ச்சிகளைக் கையாளும் திறன் மாறுமா என்று ஆராயப்படுகிறது. நேர்மின்னோட்டத் தூண்டலில் முடிவுகள் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. அதனால் இக்கால ஆய்வுகளில், மின்னோட்டம் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யப்படும் ஒரு குழுவும் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்படுகிறது. அல்டினியின் சோதனையில் இல்லாதது இதுவே.