இடையில் நின்ற படிப்பு

பட்டத்தில் பொறிக்கப்படும் பெயர் ஒன்றே. அப்பட்டத்திற்காகப் பட்டினி கிடந்தவர்கள் பலர். அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவத்தை அறிந்தவர்களுக்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

1891 ஏப்ரல் 14 அன்று மௌ நகரில் அவர் பிறந்தார். படைப்பள்ளியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்ற தந்தை ராம்ஜி, மகன் கேட்ட நூல் எதையும் இல்லையென்று மறுத்ததில்லை. கையில் காசில்லாதபோது, மணமாகிச் சென்ற மகளிடம் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்து நூல் வாங்கினார். பம்பாயின் பரேல் பகுதியில் குடும்பம் முழுவதற்கும் ஒரே அறை. பின்னிரவு வரை தந்தை விழித்திருந்து மகனைப் படிக்க எழுப்புவார். தீண்டாமையின் காரணமாக வடமொழி கற்கும் வாய்ப்பு மறுக்கப்பட்டதால், மகன் பாரசீகம் பயின்றான். 1907ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேறினார், 1912இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த பிப்ரவரியில் தந்தை மறைந்தார்.

அதே 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக் கழகத்திற்குச் சென்றார். 1915இல் எம்.ஏ. முடித்து, மறு ஆண்டு லண்டன் சென்று பொருளியலும் சட்டமும் பயிலத் தொடங்கினார். அந்த வேளையில் உதவித்தொகையின் காலம் முடிந்தது. 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் தாயகம் திரும்ப நேர்ந்தது. தனிக் கப்பலில் அனுப்பிய அவருடைய நூல்களோ போரில் கடலில் மூழ்கின.

பரோடாவில் உயர்பதவி கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. அலுவலகச் சேவகர்களும் கோப்புகளை அவர் மேசைமீது தூர இருந்தே வீசினர். ஒதுங்கியிருந்த விடுதியிலிருந்தும் சாதியின் பெயரால் விரட்டப்பட்டார். உலகம் போற்றும் கல்வி இருந்தும் தலைசாய்க்க ஓர் அறை இல்லை!

எனினும், நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று லண்டன் பல்கலைக் கழகம் அளித்திருந்த அனுமதியை அவர் மறக்கவில்லை. 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் உதவினார். நண்பர் நவல் பத்தேனா கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் லண்டனுக்குக் கப்பலேறினார்.

அங்கே பகலெல்லாம் நூலகம். இரவில் பசிக்கு அப்பளம். இங்கே பம்பாயில் மனைவி ரமாபாய் சிறு தொகையைக் கொண்டு இல்லத்தைக் காத்தார். வறுமை மிகுந்த நாட்களில் சாணக் கூடையையும் தலையில் சுமந்தார் என்று கணவரே பின்னர் எழுதினார். பிறந்த மக்கள் ஐவரில் யஷ்வந்த் ஒருவரே வளர்ந்து ஆளானார். கணவர் கற்ற ஒவ்வொரு நூலுக்கும் அந்த அம்மையாரும் விலை கொடுத்தார் என்றால் மிகையாகாது.

1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. ஆனால் டி.எஸ்ஸி. பட்டத்திற்கு அளித்த ஆய்வேட்டைத் திருத்தி எழுதுமாறு 1923 மார்ச்சில் தேர்வாளர்கள் பணித்தனர். கைப்பொருள் கரைந்துவிட்டதால் அவர் பாரிஸ்டராக நாடு திரும்பினார். பம்பாயிலிருந்தே ஏட்டைத் திருத்தி அனுப்பினார். அவ்வாண்டு முடிவதற்குள் டி.எஸ்ஸி. பட்டம் வந்து சேர்ந்தது. ரூபாயின் சிக்கலைப் பற்றிய அந்த ஆய்வு நூலாகவும் வெளிவந்தது.

ரமாபாய் 1935 மே 27 அன்று காலமானார். பின்னாளில் பாகிஸ்தானைக் குறித்து எழுதிய நூலைத் தம்மோடு துன்பம் தாங்கிய அம்மனைவியின் நினைவுக்கே அம்பேத்கர் காணிக்கையாக்கினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். தாம் பட்ட பாடு பிறர்க்கு வேண்டாம் என்பது போலும் அவர் எண்ணம்! 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

உதவித்தொகை நின்று கலங்கும் தோழனே! ஆய்வேடு திரும்பி வந்ததென்று சோர்ந்திருக்கும் தோழியே! இடையில் நிற்பது முடிவாகிவிடாது. மீண்டும் தொடர நாள் குறித்துக்கொள்ளுங்கள். இன்றிரவு வீட்டிற்கும் ஒரு மடல் எழுதுங்கள். உங்கள் பட்டத்தில் பாதி அங்கே உழைத்துக்கொண்டிருக்கிறது.