படுக்கையில ரெஸ்ட்டா? 3 முறை விழுந்து எழுந்த எம்.ஜி.ஆர் கதையைக் கேளுங்க!

டைபாய்டோ, டெங்குவோ, பைக்ல இருந்து விழுந்து மாவுக்கட்டோ... காரணம் எதுவா வேணா இருக்கட்டும். டாக்டர் 'ரெஸ்ட்'னு சொல்லிட்டார். மொபைல் கையில இருக்கு, நாள் மட்டும் நகர மாட்டேங்குது. இந்த மாதிரி நேரத்துல வடசென்னை வீடுகள்ல தாத்தாக்களும் பெரியப்பாக்களும் கொடுக்கிற மருந்துச்சீட்டு ஒண்ணு இருக்கு: "ஒரு வாத்தியார் படம் போட்டுப் பாரு!"

கிண்டலா சிரிக்கிறீங்களா? இருங்க பாஸ். அந்த வாத்தியாரே வாழ்க்கையில 3 முறை படுத்த படுக்கையா கிடந்து எழுந்தவர்.

கண்டி டு கும்பகோணம்

1917 ஜனவரி 17-ல், இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள நாவலப்பிட்டியில் பிறந்தவர் மருதூர் கோபாலன் ராமச்சந்திரன். சின்ன வயசுலயே அப்பா போய்ச் சேர்ந்துட்டார். அம்மா சத்தியபாமா பிள்ளைகளோட கும்பகோணம் வந்தார். பசி தாங்க முடியாம, அண்ணன் சக்கரபாணியோட நாடக கம்பெனியில சேர்ந்தார். நடிச்சா சோறு கிடைக்கும், அவ்வளவுதான் கணக்கு.

1936-ல் 'சதிலீலாவதி' படத்துல ஒரு சின்ன வேஷம் கிடைச்சுது. ஹீரோவாக இன்னும் 11 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. 1947-ல் 'ராஜகுமாரி' வந்தப்போ அவருக்கு வயசு 30. 1958-ல் தானே தயாரிச்சு, இயக்கி, இரட்டை வேடத்துல நடிச்ச 'நாடோடி மன்னன்' பெரிய வெற்றி. உச்சத்துக்கு வந்துட்டார்னு எல்லாரும் நினைச்ச நேரத்துலதான் முதல் அடி விழுந்துச்சு.

முதல் முறை: கால்

1959-ல் சீர்காழியில் 'இன்பக்கனவு' நாடகம். சண்டைக் காட்சியில, நல்ல கனமான உடம்புக்காரரான குண்டுமணியைத் தூக்கும்போது பேலன்ஸ் தவறிடுச்சு. அவர் மேலேயே விழ, எம்.ஜி.ஆரோட கால் எலும்பு முறிஞ்சுது. வாள் சண்டையும் குதிரை சவாரியும்தான் அவரோட அடையாளம். 42 வயசுல கால் போனா ஹீரோ என்ன ஆவார்? இனி அவரால சண்டை போட முடியாதுன்னு பேச்சு கிளம்புச்சு. மாதக்கணக்குல ஓய்வு எடுத்தார். அப்புறம் 1960-ல் 'பாக்தாத் திருடன்' வந்துச்சு. திரும்பவும் வாளைச் சுழற்றினார்.

இரண்டாவது முறை: குரல்

1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்துல, சக நடிகர் எம்.ஆர்.ராதா சுட்டதுல கழுத்துல குண்டு பாஞ்சுது. முதல்ல ராயப்பேட்டை மருத்துவமனை, அங்கிருந்து சென்னை அரசு பொது மருத்துவமனை. 5 நாள் கழிச்சு வந்த தன்னோட 50-வது பிறந்தநாள்ல அவர் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தார்.

இதுல ஒரு விநோதம் பாருங்க. சுடப்பட்டதுக்கு மறுநாள்தான் 'தாய்க்குத் தலைமகன்' ரிலீஸ். ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம் அழுதுட்டு நிக்குது, தியேட்டர் திரையில அதே மனுஷன் முழு உடம்போட சண்டை போடுறார். வெளியில அழுதவங்களுக்கு உள்ளே கிடைச்ச ஆறுதல் எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கழுத்துல கட்டோட இருக்கிற அவரோட போட்டோ போஸ்டரா ஊர் முழுக்க ஒட்டப்பட்டுச்சு. பிரசாரத்துக்கே போகாம பரங்கிமலைத் தொகுதியில ஜெயிச்சார்.

ஆனா குரல் பழையபடி திரும்பல. வேற யாரையாவது வெச்சு டப்பிங் பண்ணியிருக்கலாம். அவர் தன் குரல்லயே பேசினார். அதே வருஷம் செப்டம்பர்ல வந்த 'காவல்காரன்' படத்தை இப்பவும் போட்டுக் கேளுங்க. சுடப்படுறதுக்கு முன்னாடி எடுத்த காட்சிகள்ல ஒரு குரல், பிறகு எடுத்ததுல இன்னொரு குரல். ரெண்டையும் ஜனங்க ஏத்துக்கிட்டாங்க, படம் 100 நாள் தாண்டி ஓடுச்சு. உடம்பு பழைய மாதிரி ஆகாட்டியும் வேலைக்குத் திரும்பலாம்ங்கிறதுக்கு இதைவிட நல்ல சாட்சி தேவையா?

வடசென்னைக்கு ஏன் இவ்வளவு நெருக்கம்?

துறைமுகத்துல மூட்டை தூக்குறவங்க, காசிமேட்டு மீனவர்கள், திருவொற்றியூர் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., எண்ணூர் அசோக் லேலண்டுன்னு ஷிஃப்ட்டுக்குப் போனவங்க... இவங்க எல்லாருக்கும் உடம்புதான் மூலதனம். ஒரு நாள் படுத்தா ஒரு நாள் கூலி காலி. அந்த ஜனங்களுக்குத் திரையில படகோட்டியா, தொழிலாளியா, ரிக்‌ஷாக்காரனா வந்தவர் எம்.ஜி.ஆர். 'படகோட்டி' (1964), 'தொழிலாளி' (1964), 'ரிக்‌ஷாக்காரன்' (1971), 'மீனவ நண்பன்' (1977)னு டைட்டில்லயே அவங்க வேலை இருந்துச்சு. இந்தக் கதைகள்ல உழைக்கிறவன் அடி வாங்குவான், ஆனா கடைசியில எழுந்துடுவான்.

அப்போ படுக்கையில கிடந்தவங்களுக்கு சினிமா பார்க்க வழியில்லை. ரேடியோவுல வர்ற பாட்டும், சினிமா பாட்டுப் புத்தகமும்தான் துணை. உடம்பு தேறினதும் வண்ணாரப்பேட்டை மகாராணிக்கோ, தண்டையார்பேட்டை அகஸ்தியாவுக்கோ போய்ப் படம் பார்க்கணும், அதுதான் டார்கெட். அந்த அகஸ்தியாவும் 2020-ல் மூடப்பட்டுடுச்சு. இப்போ தியேட்டரே உங்க தலையணைக்குப் பக்கத்துல இருக்கு.

மூன்றாவது முறை: படுக்கையே படமானது

1977-ல் முதல்வர் ஆனார். 1984 அக்டோபர்ல சிறுநீரகம் செயலிழந்து அப்போலோவுல சேர்க்கப்பட்டார். நவம்பர்ல அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாங்க. அங்கே மாற்று சிறுநீரகம் பொருத்தினாங்க. இங்கே தியேட்டர்கள்ல 'ஒளிவிளக்கு' (1968) படப் பாட்டு ஒலிச்சுது. தீயில சிக்கி உயிருக்குப் போராடுற எம்.ஜி.ஆருக்காக சௌகார் ஜானகி கடவுள்கிட்ட வேண்டுற காட்சி அது. 16 வருஷத்துக்கு முன்னாடி எடுத்த காட்சி, அப்போ நிஜப் பிரார்த்தனையா மாறிடுச்சு.

டிசம்பர்ல தேர்தல். எம்.ஜி.ஆர் புரூக்ளின்ல இருந்தபடியே ஆண்டிபட்டியில போட்டியிட்டார். அவர் உயிரோட இருக்காரான்னே சந்தேகம் கிளப்பினாங்க. ஆஸ்பத்திரியில அவர் சாப்பிடுறது, பேப்பர் பார்க்கிறதுன்னு எடுத்த வீடியோ ஊர் ஊரா காட்டப்பட்டுச்சு. சண்டை இல்லை, பாட்டு இல்லை, வில்லன் நம்பியாரும் இல்லை. ஆனா அவர் நடிச்ச எந்தப் படத்தையும் ஜனங்க அவ்வளவு உருகிப் பார்த்திருக்க மாட்டாங்க. கட்சி ஜெயிச்சுது, 1985 பிப்ரவரியில திரும்பி வந்து மறுபடியும் முதல்வர் ஆனார். பேச்சு மட்டும் முழுசா தெளியல. 1987 டிசம்பர் 24-ல் மறைஞ்சார்.

ஆறுதலுக்கும் ஒரு எல்லை உண்டு

இந்த ஆறுதலை எல்லாரும் கைதட்டி வரவேற்கல. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் வெளிவந்த 'தி இமேஜ் ட்ராப்' புத்தகத்துல, திரையில் இருந்த அந்த பிம்பமே ஏழைகளைச் சிக்கவெச்ச பொறின்னு வாதிட்டார். அவர் மறைவைத் தாங்க முடியாம சிலர் உயிரையே மாய்ச்சுக்கிட்ட சோகமும் நடந்துச்சு. ஆக, படம் ஆறுதல் தரலாம், ஆனா அதுவே வாழ்க்கை ஆயிடக் கூடாது. எம்.ஜி.ஆரே 3 முறையும் எழுந்தது டாக்டர்கள் கையாலதான், எழுந்ததும் நேரா வேலைக்குத்தான் போனார்.

சரி, எதைப் பார்க்கலாம்?

* காய்ச்சல், தலை பாரம்: 'அன்பே வா' (1966). சிம்லா குளிர், சரோஜாதேவியோட செல்லச் சண்டை. மூளைக்கு வேலையே இல்லை.
* மனசு சோர்ந்து, தைரியம் தேவைப்படும்போது: 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965). பயந்தாங்கொள்ளி ஒருத்தன், துணிச்சல்காரன் ஒருத்தன், ரெண்டுமே எம்.ஜி.ஆர்தான்.
* கடல் காத்து மிஸ் ஆகுதா: 'படகோட்டி'. பாட்டுகளுக்காகவே பார்க்கலாம்.
* இப்போதைக்கு வேண்டாம்: 'மதுரை வீரன்' (1956), 'பாசம்' (1962). ரெண்டுலயும் ஹீரோ இறந்துடுவார். தேறின பிறகு பார்த்துக்கலாம்.

வயித்துல தையல் போட்டிருந்தா, சிரிப்பு வரும்போது ஒரு தலையணையை மெதுவா வயித்தோட அணைச்சுப் பிடிச்சுக்கோங்க, வலி குறையும். இடைவேளை வந்ததும் மாத்திரை நேரத்தையும், டாக்டர் சொன்ன பயிற்சியையும் மறக்காதீங்க. கிளைமாக்ஸ் எங்கேயும் ஓடிடாது!