கல் இருந்தது, காகிதம் இல்லை!

சோட்டா நாக்பூர் மேட்டு நிலத்திலே, இன்று ஜார்க்கண்ட் என்று வழங்கும் மாநிலத்திலே, முண்டா மக்களின் ஊர்களில் பெரும் பெரும் பாறைப் பலகைகளைக் காணலாம். மூதாதையரின் எலும்பைப் புதைத்து, அதன்மீது கிடத்திய கற்கள். கல்லறைதானே என்று எண்ணிவிடக் கூடாது. அதுதான் அவர்களுக்குப் பட்டா! காட்டைத் திருத்தி இந்த ஊரை உண்டாக்கியது எங்கள் குலம் என்பதற்கு அதுவே சான்று. திருத்திய நிலம் தனியொருவன் சொத்தல்ல, குலத்துக்கே பொது. 'குந்த்கட்டி' என்று அதற்குப் பெயர்.

வந்தது வெள்ளையர் ஆட்சி. கல்லைக் காட்டினர் முண்டாக்கள். காகிதம் எங்கே என்றது கச்சேரி. காகிதம் இருந்தது ஜமீன்தாரிடம், வட்டிக்கடைக்காரனிடம். உழுதவன் கூலியானான்; நேற்று வந்தவன் உடைமையாளன் ஆனான். முண்டாத் தலைவர்கள் சும்மா இருந்தார்களா? மனு எழுதினார்கள், வக்கீல் வைத்தார்கள், ஆண்டுக் கணக்கிலே சட்டத்தின் வாசலில் நின்றார்கள். காசு போயிற்று; நிலம் வரவில்லை.

இந்த நிலையிலே, 1875 நவம்பர் 15 அன்று, உலிஹாத்து என்னும் சிற்றூரில், ஏழை உழவர் குடும்பத்திலே பிறந்தார் பிர்சா முண்டா. ஆடு மேய்த்தார், குழல் ஊதினார், சாய்பாசாவில் ஜெர்மன் பாதிரிமார் பள்ளியிலே படித்தார், பிறகு அவர்களை விட்டு விலகினார்.

பிர்சா நடைபழகும் பருவத்திலேயே பிறந்துவிட்டது, 1878ஆம் ஆண்டின் வனச் சட்டம். விறகு பொறுக்கிய இடம், இலுப்பைப் பூ சேர்த்த இடம், மாடு மேய்த்த இடம், அத்தனையும் 'ஒதுக்கப்பட்ட காடு', 'பாதுகாக்கப்பட்ட காடு' என்று பெயர் மாறத் தொடங்கியது. யாரிடமிருந்து பாதுகாப்பு? காட்டைக் காத்தவனிடமிருந்து! ரயில் பாதைக்குக் கட்டை வேண்டும், கட்டைக்குச் சால் மரம் வேண்டும், மரத்துக்குச் சட்டம் வேண்டும். இங்கே ஒன்று சொல்லி வைப்போம். இந்தச் சட்டத்தைச் சென்னை மாகாண அதிகாரிகளே அன்று ஏற்க மறுத்தார்கள், காட்டிலே ஊராருக்கு உரிமை உண்டு என்று காரணம் காட்டி. என்ன பயன்? 1882லே சென்னைக்கும் தனியாக ஒரு வனச் சட்டம் வந்து சேர்ந்தது!

1894லே, இருபது வயதும் நிரம்பாத பிர்சா, காட்டு வரியைத் தள்ளுபடி செய்யக் கோரி மக்களைத் திரட்டி நடந்தார். மறு ஆண்டு, தாம் தெய்வத் தூதர் என்றார். தெய்வத் தூதர் என்பதை நாம் ஒப்பமாட்டோம். ஆனால் சாராயத்தை ஒழி, பில்லி சூனிய பயத்தை விடு, வரி கட்டாதே என்று அவர் போதித்தபோது, கூனிக் கிடந்த கூட்டம் நிமிர்ந்ததே, அதை மறுக்க முடியுமா? 1895 ஆகஸ்டில் கைது செய்தார்கள். இரண்டாண்டுச் சிறை.

வெளியே வந்தார், ஓயவில்லை. 1899 டிசம்பரில் வெடித்தது 'உல்குலான்', பெருங்கிளர்ச்சி. துப்பாக்கிக்கு எதிரே வில்லும் அம்பும்! 1900 ஜனவரி 9 அன்று, சைல் ரகப் குன்றிலே கூடியிருந்தோர்மீது குண்டு பொழிந்தது பட்டாளம். செத்தவர் எத்தனை பேர்? அரசாங்கக் கணக்கு ஒன்று, மக்கள் கணக்கு வேறு. பிர்சாவின் தலைக்கு விலை 500 ரூபாய். பிப்ரவரி 3 அன்று, சக்ரதர்பூர்ப் பக்கத்துக் காட்டிலே பிடிபட்டார். ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையிலே உயிர் பிரிந்தது. காலரா என்றது சிறை நிர்வாகம். வயது 24.

எட்டே ஆண்டுகளில், 1908லே, வந்தது சோட்டா நாக்பூர்க் குத்தகைச் சட்டம். பழங்குடியார் நிலம் வெளியார் கைக்குப் போவதைத் தடுத்தது. குந்த்கட்டி உரிமை ஏட்டிலே ஏறியது. எழுதியது வெள்ளையன் பேனாதான். எழுத வைத்தது யார்? ஆனால் நிலத்துக்குத்தான் வேலி. காடு வனத்துறையின் கையிலேயே கிடந்தது.

காட்டைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேச 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வரலாற்றிலே இழைக்கப்பட்ட அநீதி என்று தானே ஒப்புக்கொண்டு வந்தது வன உரிமைச் சட்டம். காட்டைக் காக்கும் உரிமை ஊர்ச் சபைக்கே என்றது. காட்டின் அருமை இன்று மலைவாசிக்கு மட்டுமா? புகைபோக்கி கக்கும் கரியை மரம் உறிஞ்சி உடம்பிலும் மண்ணிலும் பூட்டி வைக்கிறது. காட்டை அழித்தால் அந்தக் கரி மறுபடியும் காற்றிலே. பூமி சூடேறினால் முதலில் வாடுபவன், வெயிலிலே வேலை செய்யும் தொழிலாளி. பழங்குடியாரின் நில உரிமையை உறுதி செய்வதும் இதற்கொரு மருந்து என்று, ஐ.நா.வின் பருவநிலை அறிஞர் குழு 2019 அறிக்கையிலே கூறியிருக்கிறது.

சட்டம் மக்கள் கையில் இருந்தால் என்ன நடக்கும்? ஒடிசாவின் நியமகிரி மலையிலே பாக்சைட் வெட்ட வந்தார்கள். ஊர்ச் சபைகளைக் கேளுங்கள் என்றது உச்ச நீதிமன்றம், 2013லே. 12 ஊர்களைக் கேட்டார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை!

அதே நீதிமன்றம் 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை தள்ளுபடியானவர்களைக் காட்டைவிட்டு வெளியேற்றச் சொன்னது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகள்! தள்ளுபடியானவற்றில் எத்தனையோ, போதிய சான்று இல்லை என்ற பெயரால் போனவை. கொதித்தெழுந்தது நாடு. பதினைந்தே நாளில், பிப்ரவரி 28 அன்று, அந்த ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. எந்த முறையிலே தள்ளுபடி செய்தீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது நீதிமன்றம்.