கோட்டா இராமசாமி

சென்னை மயிலாப்பூரில் லஸ் மாளிகை என்னும் பெருமனையில் வாழ்ந்தவர் புச்சிபாபு நாயுடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சேப்பாக்கத்து ஆடுகளம் ஐரோப்பியர் சங்கத்தின் வசம் இருந்தது. இந்தியர் அங்குச் சென்று ஆடலாம். ஆயின், ஆட்டக்காரர் தங்கும் மண்டபத்தினுள் நுழைதல் கூடாது. மர நிழலே அவர்களுக்கு உணவுக்கூடமாய் அமைந்தது. இவ்விழிவைப் பொறாத புச்சிபாபு, 1888ஆம் ஆண்டில் இந்தியர்க்கென மதராஸ் யுனைடெட் கிளப் என்னும் சங்கத்தை நிறுவினார். மட்டையும் பந்தும் உடையும் தம் பொருளாலேயே வாங்கி இளைஞர்க்கு வழங்கினார். ஐரோப்பியரோடு இந்தியர் நேர்நின்று மோதும் போட்டியொன்றை 1908ஆம் ஆண்டின் இறுதியில் நடத்த ஏற்பாடும் செய்தார். போட்டி தொடங்குமுன்னரே அவர் காலமானார்.

அவருடைய புதல்வருள் ஒருவரே இராமசாமி. 1896ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் பிறந்தவர். தந்தையை இழந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவர். தாய்வழிக் குடும்பத்திற்குச் சுவீகாரப் பிள்ளையாகச் சென்றமையால் கோட்டா என்னும் குடிப்பெயர் அவர் பெயரின் முன் அமைந்தது. பட், பாலையா என்னும் உடன்பிறந்தாரும் கிரிக்கெட்டில் வல்லவர்கள். பந்தின் ஓசை ஓயாத அவ்வீட்டில் வளர்ந்த பிள்ளை மட்டையை விரும்பியதில் வியப்பில்லை. இராமசாமி இடக்கையால் மட்டையாடுபவர்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், மேற்படிப்பின் பொருட்டு அவர் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கு அவர்க்குப் புகழ் தேடித் தந்தது கிரிக்கெட்டன்று, டென்னிஸ். பல்கலைக்கழக அணியில் இடம் பெற்று, 1922ஆம் ஆண்டில் டேவிஸ் கோப்பைப் போட்டியில் இந்தியாவின் சார்பில் ஆடினார். அப்போட்டியில் இந்தியா கலந்துகொள்ளத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. ருமேனியாவை எதிர்த்த இரட்டையர் ஆட்டத்தில், பைசி என்பாரோடு இணைந்து வெற்றி கண்டார். அடுத்த சுற்றில் ஸ்பெயின் நாட்டிடம் இந்தியா தோற்றது.

தாயகம் திரும்பிய இராமசாமி அரசின் வேளாண்மைத் துறையில் அலுவல் ஏற்றார். அலுவலுக்கிடையே இரண்டு ஆட்டங்களையும் அவர் கைவிடவில்லை. ஆயினும், நாட்டின் கிரிக்கெட் அணியில் ஆடும் வாய்ப்பு நெடுங்காலம் கிட்டவில்லை. கிட்டுவதெங்ஙனம்? இந்தியா டெஸ்ட் ஆட்டம் ஆடத் தொடங்கியதே 1932ஆம் ஆண்டில்தான். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தாறு. பலர் மட்டையைக் கீழே வைத்துவிடும் பருவம்.

1936ஆம் ஆண்டில் விஜயநகரம் இளவரசர் தலைமையில் இங்கிலாந்து சென்ற அணியில் இராமசாமிக்கும் இடம் கிடைத்தது. அவ்வணியில் ஒற்றுமை குறைவு. தலைவருடன் பிணக்குற்ற அமர்நாத் என்னும் சிறந்த ஆட்டக்காரர், முதல் டெஸ்டுக்கு முன்பே தாயகம் திருப்பியனுப்பப்பட்டார். இலார்ட்ஸ் களத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. இராமசாமி அதில் ஆடவில்லை.

சூலைத் திங்கள் 25ஆம் நாள் மான்செஸ்டர் நகரில் இரண்டாம் டெஸ்ட் தொடங்கியது. நாற்பது வயது நிறைந்து ஒரு திங்களுக்குச் சற்றே மிகுதியாகக் கடந்திருந்த இராமசாமி அன்று முதன்முதலாகக் களம் புகுந்தார். முதல் ஆட்டத்தில் இந்தியா 203 ஓட்டங்களுக்குள் சுருண்டது. அவற்றுள் 40 அவருடையவை. இங்கிலாந்து எட்டு விக்கெட்டுகளை இழந்து 571 ஓட்டங்கள் குவித்தது. தோல்வி உறுதி என்றே தோன்றிற்று. அந்நிலையில் மெர்ச்சண்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ஓட்டங்கள் சேர்த்தனர். அவர்கள் இருவரும் நூறு கடந்ததை உலகம் இன்றும் பேசுகிறது. அவர்களுக்குப்பின் வந்து 60 ஓட்டங்கள் எடுத்த நாற்பது வயதினரைப் பேசுவோர் சிலரே. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

ஆகஸ்டுத் திங்களில் ஓவல் களத்தில் நடந்த மூன்றாம் டெஸ்டில் 29 ஓட்டங்களும், பின்னர் ஆட்டமிழக்காமல் 41 ஓட்டங்களும் எடுத்தார். இந்தியா அதில் தோற்றது. இரண்டு டெஸ்டுகளில் மொத்தம் 170 ஓட்டங்கள். சராசரி 56க்கும் மேல். அத்துடன் அவருடைய டெஸ்ட் வாழ்வு முடிவுற்றது. இரண்டாம் உலகப்போர் குறுக்கிட்டமையால் இந்தியா மீண்டும் டெஸ்ட் ஆடியது 1946ஆம் ஆண்டில். அப்பொழுது அவர்க்கு வயது ஐம்பது. டென்னிசிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவின் சார்பில் ஆடியவர் என்னும் அரிய சிறப்பு அவர்க்கு நிலைத்தது.

1953ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு முதன்முறையாகச் சென்ற இந்திய அணிக்கு அவர் மேலாளராய் விளங்கினார். தம் விளையாட்டு வாழ்வை ஆங்கில நூலாக எழுதி 1966ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

1985ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு நாள், எண்பத்தொன்பது வயதான அம்முதியவர் சென்னையிலுள்ள தம் இல்லத்தினின்றும் வெளியே சென்றார். பின்னர் அவர் திரும்பவேயில்லை. உற்றாரும் உறவினரும் தேடியும் காணக் கிடைக்கவில்லை. கிரிக்கெட் ஏடுகள் அவர் பெயருக்கெதிரே இறந்த நாளைக் குறிக்க இயலாமல், இறந்துவிட்டதாகக் கருதப்படுபவர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தன.