அசரியா: சென்னை வேலையை விட்டுட்டு தெலுங்கு மண்ணில் திருச்சபை கட்டிய திருநெல்வேலிக்காரர்

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் வேறு மாவட்டத்தையோ வேறு மாநிலத்தையோதான் சொல்வார்கள். வேலைக்காக ஊர் மாறுவது நமக்குப் பழகிப்போன விஷயம். ஆனால் நூறு வருடங்களுக்கு முன்னால் ஒருத்தர் இதைத் தலைகீழாகச் செய்தார். சென்னையில் இருந்த வேலையை விட்டுட்டு, மொழியே தெரியாத ஒரு தெலுங்கு கிராமப் பகுதிக்குக் குடும்பத்தோடு போனார். கடவுள் தன்னை அங்கே அழைக்கிறார் என்று அவர் நம்பியதுதான் காரணம். அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்.

யார் இந்த அசரியா?

1874 ஆகஸ்ட் 17 அன்று வெள்ளாளன்விளையில் பிறந்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த இந்த ஊர், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அப்பா தாமஸ் வேதநாயகம், கிராமத்துக் குருவானவர். நாடார் சமூகத்துக் குடும்பம். அசரியாவின் பதினைந்தாவது வயதிலேயே அப்பா இறந்துவிட்டார்.

பிறகு மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கடைசித் தேர்வு நேரத்தில் உடம்பு சரியில்லாமல் போனதால் பட்டம் வாங்கவில்லை. 1895-ல் ஒய்.எம்.சி.ஏ. அமைப்பில் செயலாளராகச் சேர்ந்தார். தென்னிந்தியா முழுக்கச் சுற்றி இளைஞர்களைச் சந்திப்பதுதான் வேலை. 1898-ல் அன்பு மாரியம்மாளைத் திருமணம் செய்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வரை போன முதல் சிலரில் அவரும் ஒருவர்.

யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது?

1902-ல் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இது அவரை உலுக்கிவிட்டது. திருநெல்வேலியில் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் அதிகம். ஆனாலும், ஊழியர்கள் இங்கிலாந்திலிருந்து வருவார்கள், பணமும் அங்கிருந்தே வரும் என்ற பழக்கம் ஊறிப்போயிருந்தது.

ஊர் திரும்பியதும் வேலையை ஆரம்பித்தார். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் உருவானது. அதில் நண்பர் கே.டி. பாலும் உடன் இருந்தார். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

வேலையை ஏன் விட்டார்?

திருநெல்வேலி சங்கம் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். ரயிலில் சென்னையிலிருந்து டெல்லி போனவர்கள், கம்மம் தாண்டியதும் இந்த ஜங்ஷனைக் கடந்திருப்பீர்கள். அன்று அது நிஜாமின் ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தது. வெள்ளாளன்விளையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். மொழி வேறு, சாப்பாடு வேறு, ஆட்சி வேறு.

அசரியா ஊர் ஊராகப் போய், புறப்படுங்கள் என்று இளைஞர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அந்தக் கேள்வி அவர் பக்கமே திரும்பியது. அடுத்தவர்களைப் போகச் சொல்கிற நான் ஏன் சென்னையில் உட்கார்ந்திருக்கிறேன்? இதற்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 1909-ல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார். அதே வருடம் குருவானவராக அபிஷேகம் பெற்று, தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்தார். அப்போது அவருக்கு 35 வயது.

புது ஊரில் எப்படி வேலை செய்தார்?

தெலுங்கு கற்றுக்கொண்டார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகப் போனார். பல பயணங்களில் அன்புவும் உடன் போனார். சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மாலா, மாதிகா என்ற ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த விவசாயக் கூலிகள். அழுக்கு, நோய், கடன், குடி என்ற நான்கையும் எதிர்த்துத் தொடர்ந்து பிரசாரம் செய்தார். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கூட்டுறவுச் சங்கம், அச்சகம் என்று வேலை விரிந்தது.

திருநெல்வேலி சபையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் அங்கே நட அவர் விரும்பவில்லை. அந்த ஊர்க்காரர்களே போதகர்களாக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1924-ல் அவருடைய மறைமாவட்டத்தில் 53 இந்தியக் குருமார் இருந்தார்கள். 1935-ல் அது 250 ஆனது. கிராம ஆசிரியர்கள் 2,000-க்கும் மேல். சாதி மட்டும் அவ்வளவு சுலபமாக விடவில்லை. மாலா, மாதிகா மக்களுக்கு நடுவே இருந்த விலகல் சபைக்குள்ளும் தொடர்ந்தது.

பிஷப் ஆனதற்கு ஏன் எதிர்ப்பு?

1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அசரியா பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகள் தியாகம் செய்கிறார்கள், ஆனால் இந்தியர்களை நண்பர்களாக நடத்துவதில்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அரங்கில் பலருக்குக் கோபம்.

மெட்ராஸ் பிஷப் ஹென்றி வைட்ஹெட் அவரை பிஷப் ஆக்க முயன்றபோதும் எதிர்ப்பு வந்தது. ஓர் இந்தியருக்குக் கீழே வேலை செய்வதா என்று ஐரோப்பியர்கள் சிலர் தயங்கினார்கள். அவருடைய சாதியை வைத்து, இந்தியக் கிறிஸ்தவர்களிலும் சிலர் எதிர்த்தார்கள். கடைசியில் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் 11 பிஷப்புகள் சேர்ந்து அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள்.

காந்தியோடு என்ன மோதல்?

1930-களில் ஒடுக்கப்பட்ட மக்களின் மதமாற்றம் பெரிய அரசியல் கேள்வியானது. பள்ளி, மருந்து என்று உதவி கொடுத்து ஏழைகளை மதம் மாற்றுவது சரியில்லை என்று காந்தி கருதினார். அசரியா உடன்படவில்லை. ஏழை என்பதாலேயே ஒருவருக்குத் தன் நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்கும் அறிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது அவர் வாதம். அதே அசரியாதான், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்றும் சொன்னார். சபை ஓர் அரசியல் கூட்டமாகச் சுருங்கிவிடும் என்பது அவர் பயம். இந்த விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பது இன்றும் முடியாத பேச்சு.

இன்று என்ன மிச்சம்?

தோர்ணக்கல்லில் ஒரு பேராலயம் இருக்கிறது. 1939 ஜனவரி 6 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் ஞாபகம் வரும். கோபுரங்களைப் பார்த்தால் மசூதி ஞாபகம் வரும். வெளியூரிலிருந்து வந்த பொருள் மாதிரி தெரியக்கூடாது என்று திட்டமிட்டே அப்படிக் கட்டினார்கள்.

சபைகள் பிரிந்து கிடப்பதும் அவரை உறுத்தியது. 1919-ல் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி ஒற்றுமைக்கான முயற்சியைத் தொடங்கினார்கள். அதில் அசரியா முக்கியமானவர். அந்த முயற்சியின் பலன்தான் 1947 செப்டம்பர் 27 அன்று பிறந்த தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே காலமானார். தனி மறைமாவட்டத்தை நடத்திய இந்திய ஆங்கிலிக்கன் பிஷப்பாக அதுவரை அவர் ஒருவர் மட்டுமே இருந்தார்.

திருநெல்வேலிக்கு அவர் திரும்பிப் போகவில்லை. குடிபோன ஊரே அவருக்குச் சொந்த ஊராகிவிட்டது.