கையெழுத்து மட்டும் போட்ட பார்ட்னர்... முன்னாள் அதிபரையே கவிழ்த்த வால் ஸ்ட்ரீட் இளைஞன்!

அமெரிக்காவின் 50 டாலர் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் தாடியோடு இருப்பவர் யுலிசீஸ் கிரான்ட். உள்நாட்டுப் போரை ஜெயித்துக்கொடுத்த தளபதி, 1869 முதல் 1877 வரை அதிபர். ஆனால், 1884 மே மாதம் ஒருநாள் அவர் கையில் மிஞ்சியது வெறும் 80 டாலர். அவர் முகம் போட்ட நோட்டு ரெண்டுகூட தேறாத தொகை. மனைவி ஜூலியாவிடம் இருந்தது 130 டாலர். அவ்வளவுதான் குடும்பத்தின் கையிருப்பு.

எல்லாம் ஒரு பிசினஸ் பார்ட்னர் செய்த வேலை.

அந்தக் காலத்தில் முன்னாள் அதிபர்களுக்கு பென்ஷன் கிடையாது. அதிபர் ஆவதற்காக ராணுவப் பதவியை விட்டதால் அந்த வருமானமும் போச்சு. பதவி முடிந்து, உலகத்தைச் சுற்றிவிட்டு (இந்தியாவுக்கும் வந்துபோனார்) நியூயார்க்கில் வந்து உட்கார்ந்தவருக்கு, மாதச் செலவுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. மகன் பக் ஒரு ஆளைக் காட்டினார். பெயர் ஃபெர்டினாண்ட் வார்டு. 30 வயதுகூட ஆகவில்லை. வால் ஸ்ட்ரீட்டின் குட்டி நெப்போலியன் என்று பட்டப்பெயர் வேறு. 1880-ல் 'கிரான்ட் அண்ட் வார்டு' கம்பெனி பிறந்தது. அப்பாவும் மகனும் ஆளுக்கு 1 லட்சம் டாலர் போட்டார்கள். மரைன் நேஷனல் பேங்க்கின் தலைவர் ஜேம்ஸ் ஃபிஷ் இன்னொரு பார்ட்னர்.

கணக்குப் புத்தகம், பணம், கடிதப் போக்குவரத்து எல்லாமே வார்டு கையில். கிரான்ட் வேலை? ஆபீஸுக்கு வருவது, சுருட்டு பிடிப்பது, வார்டு நீட்டும் பேப்பரில் கையெழுத்து போடுவது. பல நேரம் வாசிக்காமலேயே. போர்க்களத்தில் மேப்பை மனப்பாடமாக வைத்திருந்த மனுஷன், சொந்தக் கம்பெனியின் லெட்ஜரை ஒருநாள் புரட்டிப் பார்க்கவில்லை. லாபம் என்று மாதாமாதம் பணம் வந்துகொண்டிருந்தது இல்லையா, அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?

அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயம். புதுசாகப் பணம் போடுபவரின் காசை எடுத்து, பழைய ஆளுக்கு லாபமாகக் கொடுத்தார் வார்டு. இதற்கு போன்சி என்று பெயர் வந்ததே 1920-க்குப் பிறகுதான். வார்டு அதற்கெல்லாம் சீனியர். ஒரே பத்திரத்தைப் பல இடங்களில் அடகு வைத்துக் கடன் வாங்கினார். கூடவே ஒரு பொய். கிரான்ட்டின் செல்வாக்கால் அரசு கான்ட்ராக்ட் கிடைக்கிறது, அதில்தான் இவ்வளவு லாபம் என்று முதலீட்டாளர்கள் காதில் ஓதினார். அரசு கான்ட்ராக்ட் பக்கமே நம்ம கம்பெனி போகக் கூடாது என்பது கிரான்ட் போட்டிருந்த ஒரே கண்டிஷன்! அவர் பெயரை நம்பி சொந்தக்காரர்களும், அவரோடு போரில் நின்ற பழைய சிப்பாய்களும் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள்.

1884 மே 4, ஞாயிற்றுக்கிழமை. வார்டு பதறியடித்துக்கொண்டு கிரான்ட் வீட்டுக்கு வந்தார். மரைன் பேங்க்கில் திடீர்னு பணத் தட்டுப்பாடு, பேங்க் விழுந்தால் நம்ம கம்பெனியும் விழும், ஒரே ஒருநாளைக்கு ஒன்றரை லட்சம் டாலர் புரட்டிக் கொடுங்கள் என்றார். சில மாதங்களுக்கு முன் பனியில் வழுக்கி விழுந்திருந்த கிரான்ட், ஊன்றுகோலோடு கிளம்பிப்போய் ரயில்வே கோடீஸ்வரர் வில்லியம் வேண்டர்பில்ட் வீட்டுக் கதவைத் தட்டினார். வேண்டர்பில்ட் விவரமானவர். பேங்க்கைப் பற்றியோ கம்பெனியைப் பற்றியோ தனக்குக் கவலையில்லை, இது கிரான்ட் என்ற மனிதருக்குத் தரும் கடன் என்று தெளிவாகச் சொல்லித்தான் செக் எழுதினார். வார்டு அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை கிரான்ட் ஆபீஸுக்குப் போனபோது பேங்க்கும் திவால், கம்பெனியும் திவால். செய்தியைச் சொன்னது மகன் பக். கம்பெனியின் கடன் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேல்; இருந்த சொத்து 70,000 டாலர்கூட இல்லை.

நானும் ஏமாந்தவன்தான் என்று கைவிரித்திருக்கலாம். ஊரும் நம்பியிருக்கும். வேண்டர்பில்ட்டே கடனைத் தள்ளுபடி செய்யத் தயாராக இருந்தார். கிரான்ட் கேட்கவில்லை. வீடு, நிலம், போர் வாள்கள், பதக்கங்கள், உலகப் பயணத்தில் கிடைத்த பரிசுகள் என எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அவற்றை ஜூலியாவுக்கே திருப்பித் தர வேண்டர்பில்ட் முயன்றபோதும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அந்த வாள்களும் பதக்கங்களும் அரசாங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

சாப்பாட்டுக்கு வழி? 'செஞ்சுரி' பத்திரிகைக்குப் போர் அனுபவங்களை எழுதத் தொடங்கினார், ஒரு கட்டுரைக்கு 500 டாலர். அதே வருஷம் தொண்டையில் வலி. புற்றுநோய். அத்தனை வருஷ சுருட்டு.

சுயசரிதையையும் 'செஞ்சுரி' 10 சதவிகித ராயல்டிக்குக் கேட்டது. நண்பர் மார்க் ட்வெய்ன் கொதித்துப்போய், தன் பதிப்பகத்துக்குக் கொடுத்தால் நிகர லாபத்தில் 70 சதவிகிதம் என்றார். கிரான்ட் உடனே சரி சொல்லவில்லை. முதலில் கேட்டது 'செஞ்சுரி'தானே, அவர்களை விடுவது நியாயமா என்று தயங்கினார். அவ்வளவு அடிபட்ட பிறகும்! யோசித்துத்தான் ட்வெய்னிடம் கொடுத்தார்.

விழுங்க முடியாது, பேச முடியாது. சொல்ல வேண்டியதைத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டுவார். அப்படியே இரண்டு பாகங்களை எழுதி முடித்தார். அது முடிந்த சில நாள்களில், 1885 ஜூலை 23 அன்று இறந்துபோனார். வயது 63.

வார்டுக்கு 10 வருஷ ஜெயில் தண்டனை. 1892-லேயே வெளியே வந்துவிட்டார். ஃபிஷ்ஷுக்கும் 10 வருஷம்தான், அவரும் தண்டனை முடியும் முன்பே வெளியே வந்துவிட்டார்.

புத்தகம் 3 லட்சம் செட்டுக்கும் மேல் விற்றது. 1886 பிப்ரவரியில் ஜூலியா கைக்கு வந்த முதல் செக் 2 லட்சம் டாலர். மொத்தமாக அவருக்குக் கிடைத்தது 4 லட்சம் டாலரைத் தாண்டியது.